ஏழாவது ஃபியூஸ்

அன்றைய பகல் மொத்தமே ஆறு மணி நேரம் இருபத்தொன்பது நிமிடம். அதில் பாதி மழையில் போயிற்று. மிச்சமிருந்த வெளிச்சத்தில் இஷ்பெல் தன் வேனை லாக்லனின் முற்றத்துக்குள் ஓட்டிவந்து நிறுத்தினாள்.

ஏரிக்கரையில் தகரக் கூரை போட்ட பழைய படகுக் கொட்டகை. வாசலில் செத்துப்போன பேட்டரிகள் வரிசையாக இருந்தன. ஈரக் கயிறும் டீசலும் கலந்த வாசனை. சதர்லாந்து மாவட்டத்தின் வடக்கில் வேனிலேயே குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் லாக்லனைத் தெரியும். குளிர் இறுகுவதற்குள் வந்து, சோலார் பேனலைக் கூட்டிக்கொண்டு, பேட்டரியை மாற்றிக்கொண்டு போவார்கள்.

கிழவர் துணியில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். வேனுக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இத எங்க வாங்கின?"

"இன்வர்னஸ்ல, ஒரு பழைய வண்டிக் கடையில. பதினேழு நாள் ஆச்சு. ஏன், ஏமாந்துட்டேனா?"

"பச்சை அடிச்சிருக்காங்க."

"முன்னாடி என்ன கலரு?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார் லாக்லன் வெடுக்கென்று. பிறகு குரலை இறக்கி, "என்ன வேணும் சொல்லு பொண்ணே" என்றார்.

இஷ்பெல் சொன்னாள். வெள்ளிக்கிழமை அவள் மகள் எல்ஸ்பெத் வருகிறாள். ஏழு வயது. விவாகரத்துக்குப் பிறகு முதல் முறையாக அம்மாவோடு இரண்டு இரவு தங்க நீதிபதி அனுமதித்திருக்கிறார். இரவு முழுக்க டீசல் ஹீட்டர் ஓட வேண்டும். ஹீட்டரின் விசிறி ஓடப் பேட்டரியில் மின்சாரம் இருக்க வேண்டும். கூரையில் படுத்திருக்கும் ஒற்றைப் பேனல் மதியம் மூன்று மணிக்கே கையை விரித்துவிடுகிறது.

"அவ அப்பன் தெர்மாமீட்டரோடதான் வருவான். குழந்தை ஒரு தடவ இருமினாப் போதும். அதோட சரி. அப்புறம் மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை, ரெண்டு மணி நேரம், ஏதாவது ஒரு காபிக் கடையில."

"அதுக்குச் சூரியனையா நம்பியிருக்க? இங்க சூரியன் கவுன்சில் ஆபீஸ் கிளார்க் மாதிரி. பத்து மணிக்கு வரும், கோட்டைக்கூடக் கழட்டாது, மூணு மணிக்குக் கெளம்பிடும்."

இஷ்பெல் சிரித்தாள். லாக்லன் சிரிக்கவில்லை. அவர் வேனின் பக்கவாட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பண்ணிடலாம். வேல முடியற வரைக்கும் இங்கயே நிறுத்திக்க. ஆனா உள்வேலைய நீயேதான் பண்ணணும். நான் வெளிய நின்னு சொல்லித் தர்றேன். என் முட்டி மடங்காது."

அன்று மாலை அதே முட்டியோடு அவர் ஏணியில் ஏறி, வேனின் கூரைமேல் பூனைபோல நடந்ததை இஷ்பெல் பார்த்தாள். கிழவர்களுக்கு ஆயிரம் வீம்பு இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கினார்கள். டிசம்பர் சூரியன் மலைக்கு மேலே ஒரு சாண்தான் எழும்பும். படுத்த பேனலால் பயனில்லை. நிமிர்ந்து நிற்கிற பேனல் வேண்டும். வேனின் தெற்குப் பக்கத்தில் கீல் வைத்து, கதவுபோலத் தூக்கி நிறுத்தும் இரண்டு புதிய பேனல்களை லாக்லன் பொருத்தினார். பழைய பேட்டரி போய் லிதியம் பேட்டரி வந்தது. அதற்கு ஒரு குணம் உண்டு. உறைநிலைக்குக் கீழே போனால் மின்சாரத்தைக் கொடுக்கும், வாங்காது. அதனால் அடியில் சூடாக்கும் பட்டை ஒன்று வைக்க வேண்டும். பட்டை கிளாஸ்கோவிலிருந்து சனிக்கிழமைதான் வரும்.

"வெள்ளிக்கிழம ஒரு ராத்திரி தாங்கும். கடவுள் இருந்தா," என்றார்.

"இல்லன்னா?"

"இல்லன்னா ரெண்டு கம்பளி."

இஷ்பெல் கட்டிலுக்கு அடியில் தலையைக் கொடுத்துக் கம்பிகளை இணைத்தாள். லாக்லன் கதவுக்கு வெளியே மழைக்கோட்டோடு நின்று, "சிவப்பு மேல, கறுப்பு கீழ, அழுத்தித் திருகு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திருகாணி வேண்டுமென்றால் கையை மட்டும் உள்ளே நீட்டினார். ஒரு முறை அவர் மணிக்கட்டு கதவுச் சட்டத்தைத் தாண்டியது. சுட்டதுபோல இழுத்துக்கொண்டார்.

புதிய மீட்டரை மாட்டியதும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தாள். பூஜ்யம் காட்ட வேண்டும்.

0.04 ஆம்பியர் என்று காட்டியது.

ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. மிகச் சிறியது. ஆனால் குளிர்காலத்தில் வேனில் வாழ்கிறவர்கள் அதையெல்லாம் விட மாட்டார்கள். ரேடியோவில் மினுங்கும் கடிகாரத்தைக்கூடக் கழற்றி எறிவார்கள். பகல் முழுக்கச் சேர்வதே ஆறேழு ஆம்பியர்-மணி என்றால், ஒவ்வொரு துளிக்கும் கணக்குண்டு.

வழக்கம்போல ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பெட்டியில் எட்டு இடங்கள். யாரோ ஒரு பெண் சின்னச் சின்ன எழுத்தில் பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். விளக்கு. ஹீட்டர். தண்ணீர். ஃபிரிட்ஜ். ஃபோன். விசிறி. ஏழாவதின் பெயர்ச்சீட்டு சுரண்டப்பட்டிருந்தது. ஏழும் எட்டும் காலி.

ஆறையும் பிடுங்கிவிட்டாள்.

0.04.

எதற்கோ தோன்றி, காலியாக இருந்த எட்டாவது இடத்தில் விரலை வைத்தாள். ஜில்லென்றிருந்தது. ஏழாவதில் வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

"லாக்லன், ஏழாவது எதுக்கு? ஃபியூஸே இல்ல, ஆனா கரண்ட் போகுது."

லாக்லன் கதவைவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அது ஒண்ணுமில்ல. எதையாவது கழட்டியிருப்பாங்க."

"ஃபியூஸ் இல்லாம எப்படிப் போகும்? நான் பள்ளிக்கூடத்துல படிச்ச இயற்பியல் அப்படியெல்லாம் சொல்லல."

"மீட்டர் புதுசு. பொய் சொல்லும். விடு." போய்விட்டார். ஏணியைக்கூட எடுக்கவில்லை.

அன்று மாலை மூன்றரைக்கு இருட்டியது. ஹீட்டர் ஓடியது. ஆனாலும் கணுக்காலில் குளிர் ஊர்ந்தது. அடுப்புக்குக் கீழே தரையில் கையகல ஓட்டை ஒன்று இருந்தது. கேஸ் கசிந்தால் வெளியேறவும், காற்று உள்ளே வரவும் வைத்த ஓட்டை. அதன் வழியாக ஏரிக்காற்று நேராக உள்ளே வந்தது. எல்ஸ்பெத் வெறுங்காலோடு ஓடுகிற குழந்தை. குளிர்காலத்தில் எல்லாரும் செய்வதைத்தான் இஷ்பெலும் செய்தாள். யோகாப் பாயில் ஒரு துண்டை வெட்டி ஓட்டைக்குள் திணித்து, மேலே டேப் ஒட்டினாள். ஹீட்டரை ஒரு படி குறைத்து ஓட்டினாலே போதுமானதாக இருந்தது. மீட்டரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

காலையில் ஓட்டை திறந்திருந்தது.

பாய்த்துண்டு கட்டிலில் இருந்தது. எல்ஸ்பெத்துக்காக வாங்கிவைத்திருந்த புதுத் தலையணையின் மேல். அந்தத் தலையணையில் இதுவரை யாரும் தலை வைத்ததில்லை. நடுவில் ஒரு தலையளவு குழி விழுந்திருந்தது. குழிக்குள் பத்திரமாக வைத்ததுபோலத் துண்டு இருந்தது. டேப் நான்காக மடிக்கப்பட்டிருந்தது.

தூக்கத்தில் நானே செய்திருப்பேன் என்று இஷ்பெல் சொல்லிக்கொண்டாள். இரண்டு முறை சொல்லிக்கொண்டாள்.

வியாழனன்று பகல் முழுக்க வெயில். பேட்டரி முக்கால்வாசி ஏறியது. மாலை நான்கு மணி இருட்டில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

பீப்.

ஒரே ஒரு முறை. ஃபோன் இல்லை. மீட்டர் இல்லை. கட்டிலின் தலைமாட்டுப் பக்கச் சுவரிலிருந்து வந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். வெறும் மரப்பலகை. வெள்ளை வண்ணத்துக்கு அடியில் நான்கு திருகாணித் துளைகளை அடைத்த தடம். நடுவில் கையகலச் சதுரம், கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. காதை வைத்துக் கேட்டாள்.

பலகைக்கு அப்பால் யாரோ காதை வைத்துக் கேட்பதுபோல இருந்தது.

பின்வாங்கினாள். அடுப்பை அணைத்ததும் சத்தம் திரும்ப வரவில்லை. கொட்டகையில் நுரை அடிக்கும் டப்பா ஒன்று கிடந்ததை நினைவுபடுத்திக்கொண்டு, கையுறை போட்டுப் போய் எடுத்துவந்தாள். தரை ஓட்டையில் குழாயை நுழைத்து அழுத்தினாள். மஞ்சள் நுரை புஸ்ஸென்று பொங்கி, அரை மணியில் கல்லாக இறுகியது. இனி அதைப் பிடுங்க உளியும் சுத்தியும் வேண்டும். கூரை விசிறியின் மூடியையும் உள்பக்கம் பஞ்சு வைத்து அடைத்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு எல்ஸ்பெத்தின் அப்பா ஃபின்லேயின் கார் வந்தது. கூடவே பனியும் வந்தது.

"இதுதான் அரண்மனையா?" என்றான் ஃபின்லே, வாசலில் நின்று எட்டிப்பார்த்து.

"ஆமா. செருப்பக் கழட்டிட்டு உள்ள வா."

"வேணாம். எத்தன டிகிரி இருக்கு?"

"இருபத்தொண்ணு. எழுதிக்க. ஸ்பெல்லிங் சொல்லவா?"

எல்ஸ்பெத் அதற்குள் அவன் கைக்குக் கீழே நுழைந்து ஓடிவந்துவிட்டாள். ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தாள்.

"அம்மா, டாய்லெட் எங்க?"

"நீ உக்காந்திருக்கியே, அதுக்கடியில."

"ஐயய்ய!" என்று குதித்து எழுந்தாள். ஃபின்லேகூடச் சிரித்துவிட்டான். போகும்போது கதவருகே நின்று, "இவ நல்லா இருக்கணும், இஷ்பெல். அவ்வளவுதான்" என்றான். கோபமில்லாமல் சொன்னான். அதுதான் அவளைக் குத்தியது.

மூன்று மணிக்குள் பேனல்கள் வெள்ளையாகிவிட்டன. துடைத்துவிட்டு வந்தாள். பயனில்லை. நேற்று சேர்ந்ததை இரவு முழுக்க ஓடிய ஹீட்டர் தீர்த்திருந்தது; வேனின் அடியில் வெளிப்பெட்டியில் இருந்த பேட்டரியோ உறைந்துபோயிருந்தது. வருகிற கொஞ்சத்தையும் அது வாங்கவில்லை. நான்கரைக்கு ஹீட்டர் இருமியது. விசிறி மெதுவாகி நின்றது. மீண்டும் பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு மூன்று முறை மினுங்கி அணைந்தது.

வெப்பமானியில் பதினெட்டு. பதினாறு. பதிமூன்று.

கொட்டகைக்குப் பின்னால் லாக்லன் வீட்டில் விளக்கு எரிந்தது. நூறு அடிதான். போய்க் கதவைத் தட்டலாம். தட்டினால் இரவு அங்கே படுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்ஸ்பெத் அப்பாவிடம் அதைச் சொல்வாள்.

இஷ்பெல் கேஸ் அடுப்பைப் பற்றவைத்தாள். அதன்மேல் ஒரு மண் பூந்தொட்டியைக் கவிழ்த்தாள். வேன்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். தொட்டி சூடேறி, அடுப்பை அணைத்த பிறகும் அனல் கொடுக்கும். தீநாக்குகள் தொட்டியின் விளிம்பில் மஞ்சளாக நெளிந்தன. பதினைந்து. பதினெட்டு. இருபது.

"சூப்பரா இருக்கும்மா," என்றாள் எல்ஸ்பெத். கம்பளிக்குள் சுருண்டுகொண்டாள். "தல வலிக்குது."

"கார்ல ரொம்ப நேரம் வந்தேல்ல. கொஞ்சம் படு."

இஷ்பெலும் பக்கத்தில் சாய்ந்தாள். சுகமாக இருந்தது. கை கால்கள் யாருடையவையோ போலக் கனத்தன. வெளியே பனி எல்லா ஒலியையும் தின்றிருந்தது.

பீப் பீப் பீப் பீப்.

கண்ணைத் திறந்தாள்.

நிறுத்தம்.

பீப் பீப் பீப் பீப்.

தலைமாட்டுச் சுவர். வெறும் பலகை. மீட்டரின் முகம் இருட்டில் பச்சையாக எரிந்தது. பேட்டரி செத்த பிறகு அது எரியக் கூடாது.

0.04.

0.09.

0.20.

எழ வேண்டும் என்று நினைத்தாள். நினைப்பு எங்கோ தூரத்தில் நடந்தது. நெற்றிக்குள் யாரோ அடித்துக்கொண்டிருந்தார்கள். வாயில் குமட்டல்.

"அம்மா," என்றாள் எல்ஸ்பெத், கண்ணை மூடியபடியே. "அவள நிறுத்தச் சொல்லு."

"யாரடா கண்ணு?"

"கன்னத்துல அடிக்கிறா."

பீப் பீப் பீப் பீப்.

குழந்தையின் இடது கன்னம் சிவந்திருந்தது. இஷ்பெல் பார்க்கப் பார்க்க அதே இடம் உள்ளே அழுந்தி மீண்டது.

அழுந்தி மீண்டது.

அழுந்தியது.

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கட்டிலிலிருந்து உருண்டு தரையில் விழுந்தாள். கதவை நோக்கி ஊர்ந்தாள். கதவின் கைப்பிடி மூன்றடி உயரத்தில், நட்சத்திரம்போலத் தொலைவில் இருந்தது.

கதவு தானாகத் திறந்தது என்றுதான் நினைத்தாள். வெள்ளைக் காற்று அறைந்தது. வாசலில் லாக்லன் நின்றார். கோட்டில்லை. ஒரு காலில்தான் செருப்பு.

ஒரு கணம் தயங்கினார். அந்தக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் முகத்தை இஷ்பெல் அதற்குப் பிறகு மறக்கவேயில்லை. பிறகு உள்ளே பாய்ந்தார்.

"வெளிய! வெளிய வா பொண்ணே! ஊர்ந்து வா!"

அடுப்பை அணைத்தார். குழந்தையை அள்ளினார். பின்கதவையும் உதைத்துத் திறந்தார். இஷ்பெல் பனியில் முகம்குப்புற விழுந்து, குளிர்ந்த காற்றைத் தண்ணீர்போலக் குடித்தாள். எல்ஸ்பெத் வாந்தியெடுத்தாள். பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைப்போல இனிமையான ஒன்றை இஷ்பெல் கேட்டதில்லை.

லாக்லன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் குழந்தையைச் சுற்றினார். கவிழ்த்த படகின்மேல் உட்காரவைத்தார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். ஃபின்லேக்கு இன்றே தெரிந்துவிடும். தெரியட்டும் என்று நினைத்தாள் இஷ்பெல். குழந்தை மூச்சு விடுகிறாள். மற்றதை அவன் எடுத்துக்கொண்டு போகட்டும்.

"தரையில ஓட்ட இருந்துச்சே?" என்றார் லாக்லன்.

"அடச்சிட்டேன். நுரை அடிச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அலாரம் அடிச்சுதே. விஷக்காத்து அலாரம். என் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு."

"இந்த வண்டியில அலாரமே இல்ல, லாக்லன்."

இப்போது முற்றத்தில் எந்தச் சத்தமும் இல்லை. பனி மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

எல்ஸ்பெத் விக்கலுக்கு நடுவே வேனைக் காட்டினாள். "அவளையும் கூப்பிடு."

"உள்ள யாருமில்லடா."

"இருக்கா. அவதான் எழுப்பிக்கிட்டே இருந்தா. தூங்காத தூங்காதன்னு." கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து ஆட்டினாள். "அவளுக்கும் தல வலிக்குதாம். எறங்க மாட்டேங்கிறா."

மூவரும் பார்த்தார்கள். வேனின் எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. உள்ளே இருந்த அனல் எப்போதோ போய்விட்டது. பக்கவாட்டு ஜன்னலின் கண்ணாடியில், உள்பக்கம், ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்தில், வட்டமாகப் பனிமூட்டம் படிந்தது.

சுருங்கியது.

மறுபடி படிந்தது.

யாரோ நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இஷ்பெல் மகளை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "யாரது?" என்று கிசுகிசுத்தாள். "லாக்லன், உங்களுக்குத் தெரியும். இந்த வண்டி வந்த அன்னிக்கே உங்களுக்குத் தெரியும். யாரது?"

கிழவர் ஒற்றைச் செருப்போடு பனியில் நின்றார். ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பேசத் தொடங்கியபோது இஷ்பெலிடம் பேசுவதுபோல இல்லை.

"மோரென். என் மக. மூணு குளிர்காலத்துக்கு முந்தி, இதே எடத்துல, இதே வண்டியில. அலாரம் ஏன் அடிக்கலன்னு போலீஸ்காரங்க கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன். அவ அம்மா கேட்டா. அவகிட்டயும் தெரியாதுன்னுதான் சொன்னேன்."

கண்ணாடியில் மூட்டம் படிந்தது. இம்முறை அது சுருங்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரோ காத்திருந்தார்கள்.

"சும்மா மாட்டி வச்ச அலாரத்துக்கு நாளைக்கு ஒரு ஆம்ப் வீணாப் போகுதேன்னு, அந்த ஏழாவது ஃபியூஸப் புடுங்கினது நான்தான்."